வளர்ந்த மாட்டில் எந்தப் புழு?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் மாடு வளர்ப்போரிடையே பரவலாக உள்ளது. கன்றுகளுக்கு ஓரளவு பொருந்தும் இவ்வழக்கம், வளர்ந்த மாட்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. மேய்ச்சலின்போது இரைப்பையிலும் குடலிலும் வாழும் உருளைப்புழுக்களைக் கன்றுப் பருவத்திலிருந்தே எதிர்கொண்டு வரும் மாடு, இரண்டு வயதை நெருங்கும்போது அவற்றைப் பெருமளவு அடக்கிவைக்கும் எதிர்ப்பாற்றலைப் பெற்றுவிடுகிறது. இலை வடிவிலான கல்லீரல் தட்டைப்புழுவிடம் அந்த ஆற்றல் அவ்வளவாகச் செல்லுபடியாவதில்லை என்பதால், பல ஈற்றுக் கண்ட பசுவும் அதற்கு இரையாகிறது.

காவிரிப் பாசனப் பகுதி போன்ற நெல் வயல் நிலங்களில் காணப்படும் இவ்வினம் ஃபேசியோலா ஜைகாண்டிகா எனப்படுகிறது. சாணத்தோடு வெளியேறும் இதன் முட்டை தண்ணீரில் பொரிந்து, வெளிவரும் நுண்ணிய இளவுயிரி லிம்னியா வகை நன்னீர் நத்தைக்குள் நுழைந்து அங்கேயே பன்மடங்காகப் பெருகி, மீண்டும் நீருக்கு வந்து, புல்லிலும் நெற்பயிரின் அடித்தண்டிலும் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொள்கிறது. ஐரோப்பாவில் உள்ள இதன் உறவினத்தின் சுழற்சியை ஜெர்மனியின் லூக்கார்ட்டும் இங்கிலாந்தின் தாமஸும் 1880களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்தனர். நத்தை இல்லாமல் இப்புழு இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

புல்லோடு உள்ளே சென்ற குஞ்சுப்புழு குடற்சுவரைத் துளைத்து, கல்லீரலைப் பல வாரங்கள் குடைந்து, பித்தநாளத்தை அடைந்த பின்னரே முட்டையிடத் தொடங்குகிறது. இதற்கு மூன்று மாதத்துக்கும் மேல் ஆகும். வளர்ந்த மாட்டில் நோய் பெரும்பாலும் ஆரவாரமின்றி வருகிறது: பால் சிறிது சிறிதாகக் குறையும், உடல் இளைக்கும், இமையின் உட்புறம் வெளுக்கும், முற்றிய நிலையில் கீழ்த்தாடையின் அடியில் நீர் கோத்து வீங்கும். பால் குறைவுக்குத் தீவனத்தின் மீது பழி போட்டுக் காலம் கடத்துவது இங்கே எளிதாக நேர்ந்துவிடுகிறது.

சாணப் பரிசோதனையிலும் ஒரு நுட்பம் உண்டு. உப்புக் கரைசலில் முட்டைகளை மிதக்கவிட்டுப் பார்க்கும் முறையில் உருளைப்புழு முட்டைகள் மேலே வரும். எடை மிகுந்த தட்டைப்புழு முட்டைகளோ அடியில் தங்கிவிடும் என்பதால், அவற்றுக்கு வண்டலைப் படியவைத்துப் பார்க்கும் முறை வேண்டும். தொற்றிய முதல் மூன்று மாதங்களில் எம்முறையிலும் முட்டை தென்படாது.

மருந்துகளும் ஒன்றுக்கொன்று ஈடல்ல. ஐவர்மெக்டின் தட்டைப்புழுவைத் தொடுவதில்லை. ஆல்பெண்டசோல், ஒரு கிலோ உடல் எடைக்கு 10 மில்லிகிராம் என்ற கூடுதல் அளவில், முதிர்ந்த தட்டைப்புழுவை மட்டும் கொல்லும். சினையின் தொடக்கக் காலத்தில் அதைக் கொடுக்கலாகாது. ஆக்சிகுளோசனைடும் முதிர்ந்த புழுவுக்கே உரியது. குஞ்சுப்புழுவையும் அழிக்கும் ட்ரைகிளாபெண்டசோலுக்கு, அசைபோடும் இரைப்பையில் வாழும் மற்றொரு தட்டைப்புழுவான ஆம்பிஸ்டோமின் மீது ஆற்றலில்லை. எடையைக் கண்ணால் மதிப்பிட்டுக் குறைவாக ஊற்றுவது, மருந்துக்குப் பிழைத்த புழுக்களைப் பெருக்கும் செயலாகும். ட்ரைகிளாபெண்டசோலுக்கு எதிர்ப்புப் பெற்ற புழுக்கள் 1995இலேயே ஆஸ்திரேலியாவில் பதிவாயின.

மருந்துக்கு இணையான பங்கு மேய்ச்சலுக்கும் உண்டு. குட்டையில் இறக்காமல் தொட்டியில் தண்ணீர் காட்டுவதும், ஈர வைக்கோலின் அடித்தண்டை நீக்கிக் கொடுப்பதும், வைக்கோலை நன்கு உலர்த்திச் சில மாதங்கள் போரில் வைத்திருப்பதும் தொற்றைக் குறைக்கும். நத்தையைத் தின்னும் வாத்து இதில் செலவில்லாத துணை. பருவமழைக்கு முன்பே முதிர்ந்த புழுக்களை நீக்கிவிட்டால், முட்டைகள் நத்தையைச் சேர்வது குறையும்.

பால் குறைந்த மாட்டுக்கு மருந்துக் கடையில் ஏதோ ஒரு புட்டி வாங்கும் முன், சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து, தட்டைப்புழுவுக்கும் சேர்த்துப் பார்க்குமாறு கேளுங்கள். மருந்து கொடுத்த பின் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பதையும் அவரிடமே அறிந்துகொள்ளுங்கள்.