மேலே லைட் எரியுதுங்க!

‘காட்டு விலங்குகளைப் பார்க்கத் தனியாகப் போவது எப்படி’ என்று எழுதித் தாருங்கள், இப்போது எல்லோரும் சோலோ ட்ரிப்தான் போகிறார்கள் என்றார் ஆசிரியர். காட்டுக்குள் யாரையும் தனியாக விடமாட்டார்களே என்றேன். “அப்படியென்றால் காட்டோரம் வரைக்கும் போங்கள்” என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் வால்பாறைக்கு மூன்று முறை தனியாகப் போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைவிட நல்ல யோசனையை இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

முதல் முறை போனபோது சட்டைப்பையில் ஒரு பட்டியல் இருந்தது. சிறுத்தை, யானை, செந்நாய், சிங்கவால் குரங்கு, இருவாச்சி. டிக் அடிப்பதற்காக ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம். தனி ஆளுக்கு ஜீப் வாடகை கட்டுப்படியாகாது என்று விடுதியில் என்னை வேறு நான்கு பேரோடு சேர்த்து ஏற்றிவிட்டார்கள். ஓட்டுநர் தம்பியிடம் இரண்டு போன்கள். ஒன்று காதில், இன்னொன்று மடியில். அவர் காட்டைப் பார்த்து நான் பார்க்கவில்லை. வழியில் ஒரு மரம் நிறையக் கருமந்திகள், குட்டிகளோடு. “நிறுத்துங்க தம்பி” என்றேன். “அது எப்பவும் இருக்கும் சார். கீழ பாறை மேல சிறுத்தை உக்காந்திருக்காம், இப்பத்தான் மெசேஜ் வந்தது” என்று வண்டியைத் திருப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டு வண்டிகள் நின்றன. பாறை இருந்தது. சிறுத்தை இல்லை. வந்ததற்கு என்ன செய்வது? எல்லோரும் பாறையைப் படம் எடுத்தோம். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது, நல்ல பாறை.

திரும்பும்போது அதே மரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். கருமந்திகள் போய்விட்டிருந்தன.

அடுத்த முறை அரசுப் பேருந்தில் போனேன். பட்டியலைக் கொண்டுபோகவில்லை, கொண்டுபோயிருந்தாலும் நிற்கிற இடத்தை முடிவு செய்வது கண்டக்டர், நானல்ல. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு அறுபத்துச் சொச்சம் கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவுக்கு அருகே முன்னால் போன லாரி மூச்சு வாங்கி நின்றுவிட்டது. பேருந்து பின்னாலேயே நின்றது. கால் மணி, அரை மணி. வாந்தி எடுத்த குழந்தைக்கு யாரோ எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். அப்போதுதான் பாறைச் சரிவில் கல் ஒன்று அசைவதுபோல் இருந்தது. வரையாடு. அதற்குப் பின்னால் ஒரு குட்டி; அதற்கும் மேலே, வானத்தை முட்டிக்கொண்டு, முதுகில் வெள்ளை பாய்ந்த ஒரு கிடா. 2025 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 1,303 வரையாடுகள்தான் என்று சொன்னார்கள். அதில் மூன்றை, லாரி கெட்டுப்போன புண்ணியத்தில், பேருந்தின் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, “ஆடுங்க” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அதே வளைவுக்குக் காரில் வருகிறவர்களும் இதே ஆட்டைப் பார்க்கிறார்கள். சிலர் சிப்ஸ் பாக்கெட்டையும் நீட்டுகிறார்கள். அவர்கள் பார்ப்பதற்கென்றே நிறுத்துகிறார்கள், பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நான் கிளம்ப முடியாமல் கிடந்தேன். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம். குட்டி மூன்று முறை தாயின் வயிற்றை முட்டி, மூன்று முறையும் உதை வாங்கியதை அரை மணி நேரம் நின்றவன்தான் சொல்ல முடியும்.

எதேச்சையாகக் கண்ணில் படுவதற்கும் கண் பழகியிருக்க வேண்டும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் 1950-ல் தொடங்கிய பத்திரிகைப் பத்தியை 1996-ல் இறக்கும்வரை எழுதிக்கொண்டிருந்தார். முதுமலையில் யானைகளின் பின்னால் அலைந்தவர்தான். என்றாலும் அந்தப் பத்தியில் புலிக்குக் கொடுத்த மரியாதையைக் காகத்துக்கும் அணிலுக்கும் ஓணானுக்கும் கொடுத்தார். தனியாகக் காடு பார்க்கக் கிளம்புகிற இளைஞர்கள் முதலில் ஒரு வாரம் மொட்டைமாடியில் உட்கார்ந்து மைனாவைப் பார்க்கட்டும் என்று எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார். வெட்டட்டும்.

மூன்றாவது பயணம் பிப்ரவரி கடைசியில். முடீஸ் போகும் பேருந்துக்காக ஒரு எஸ்டேட் நிறுத்தத்தில் நின்றேன். வரவேண்டிய வண்டி வரவில்லை. சில்வர் ஓக் நிழலில் கல்மேல் உட்கார்ந்தேன். முதலில் வந்தது சத்தம். கொல்லன் துருத்தி ஊதுகிற சத்தம் வானத்திலிருந்து வந்தால் எப்படி இருக்கும்? அப்படி. நிமிர்ந்தேன். மஞ்சள் அலகும், அதன்மேல் தொப்பி வைத்ததுபோல் ஒரு கொண்டையும், கறுப்பு வெள்ளைச் சிறகுமாக ஒரு பெரிய இருவாச்சி தேயிலைச் சரிவைக் கடந்து எதிரே இருந்த சோலைத் துண்டுக்குள் இறங்கியது. நான் எழுந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றதைக் கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு அம்மா பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, பறவையா?”

“ஆமாம்மா, இருவாச்சி.”

“காலையிலேருந்து அங்கிட்டும் இங்கிட்டும் அலையுது. பொண்டாட்டி பொந்துக்குள்ள இருக்கால்ல, இரை கொண்டு போகணும்ல.”

ஒரே வரியில் முடித்துவிட்டார். பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் புகுந்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொண்டு, அலகு மட்டும் நுழைகிற ஒரு கீறல் விட்டுவைக்கும். முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மாதக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். அத்தனை நாளும் வெளியிலிருந்து அத்திப்பழமும் மற்றதும் கொண்டுவந்து ஊட்டுவது ஆண்தான். அது வரத் தயங்கினால் உள்ளே இருப்பவை பட்டினி.

மரம் எங்கே என்று கேட்க நான் வாயெடுத்தேன். அந்த அம்மா முந்திக்கொண்டார். “மரம் எங்கன்னு மட்டும் கேக்காத தம்பி. போன வருசம் ஒரு புள்ளைக்குக் காமிச்சுவிட்டேன். மறுநாள் கேமராவத் தூக்கிக்கிட்டு ஒரு கூட்டமே வந்து நின்னுச்சு. அந்த ஆண் பறவை தூர மரத்துலயே உக்காந்து கெடந்துச்சு, கிட்ட வரல.”

இந்தக் கட்டுரை தனிப்பயணத்தைப் பற்றியது என்பது எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த அம்மா சொன்னதற்குப் பிறகு போனைப் பற்றித்தான் எழுத வருகிறது. ‘சைட்டிங்’ என்று ஒரு சொல் மலையெங்கும் புழங்குகிறது. “இன்னிக்கு சைட்டிங் இருக்கா?” பால் இருக்கா என்று கேட்பதுபோல். ஒருவர் பார்த்ததும் படம், படத்தோடு இடம், இடத்தோடு நேரம். ஐந்து நிமிடத்தில் குழு முழுக்கப் போய்விடுகிறது. தற்செயலாகப் பார்த்த முதல் ஆளோடு தற்செயல் முடிந்தது. இரண்டாவது ஆள் முதல் எல்லோரும் சொல்லிவைத்த பொருளை வாங்க வருகிறவர்கள். இதில் தனியாகப் போனால் என்ன, நாற்பது பேரோடு போனால் என்ன? பையில் போன் இருக்கிறவரை நீங்கள் நாற்பது பேரோடுதான் போகிறீர்கள். ஒரு விடுதியில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, “டார்ச் போட்டு ஒரு ரவுண்டு போலாமா, நேத்து கரடி சைட்டிங் ஆச்சு” என்று காதோரம் கேட்டார்கள். விதிப்படி கூடாது என்பதை அவர்களே சொல்லிவிட்டு, அதற்கும் சேர்த்து விலை சொன்னார்கள்.

ஜீப் ஓட்டுகிறவருக்கும் குடும்பம் உண்டு, ஒருநாள் லீவில் வருகிறவருக்கு எதையாவது காட்டி அனுப்புவதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமாகவே இருக்கலாம். பெண்கள் தனியே போவதில் வேறு கணக்குகள் இருக்கின்றன. அதைப் போய்வந்த பெண்தான் எழுத வேண்டும்.

என் புலம்பலை நானே கொஞ்சம் திருத்திக்கொள்ள நேர்ந்தது, இருவாச்சியைப் பார்த்த அன்று மாலை. ஒரு எஸ்டேட் பக்கம் சுற்றிவிட்டு, கடைசி நிறுத்தத்திலிருந்து தங்கும் வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்துவிடலாம் என்று கிளம்பினேன். இருட்ட ஆரம்பித்திருந்தது. டீக்கடைக்காரர் கடைக்குள்ளிருந்தே கூப்பிட்டார்.

“அண்ணா, எங்க போறீங்க? மேலே லைட் எரியுதுங்க!”

அவர் கை காட்டிய பக்கம், தேயிலை மேட்டின் உச்சியில் ஒரு கம்பத்தில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னியது. வால்பாறைக்காரர்களுக்கு அதன் அர்த்தம் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் யானை நிற்கிறது. யாராவது பார்த்தால், அந்தக் கம்பத்துக்கென்று இருக்கிற எண்ணுக்கு ஒரு போன் அடித்தால் போதும், விளக்கு எரியும். சுற்றியிருக்கிற தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளின் போன்களுக்குக் குறுஞ்செய்தி தனியாகப் போகும். இந்த ஏற்பாடு வருவதற்கு முன் இங்கே யானையால் செத்தவர்களில் பெரும்பாலோர் யானையோடு வம்புக்குப் போனவர்கள் இல்லை. அது அங்கே நிற்பது தெரியாமல், வேலை முடிந்து, பஸ்ஸைவிட்டு இறங்கி, இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்கள். 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலத்தில் தேயிலையும் மனிதர்களும் யானைகளும் ஒரே பாதையில்தான் போய்வர வேண்டியிருக்கிறது. விளக்கும் குறுஞ்செய்தியும் வந்தபின் சாவு குறைந்தது.

எதிர்பாராத சந்திப்பு வேண்டும் என்று பேருந்துக் கட்டணம் கொடுத்து வந்தவன் நான். இவர்கள் வருஷக்கணக்காகப் பாடுபட்டது எதிர்பாராத சந்திப்பே நடக்காமல் இருக்க. லைன் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையைச் சிறுத்தை தூக்கிக்கொண்டுபோன ஊரில் நின்று, சிறுத்தை கண்ணில் படவில்லையே என்று நான் குறைப்பட்டிருக்கிறேன். அந்தப் பாறைப் படத்தை யாரிடமும் காட்டத் தோன்றவில்லை.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். முக்கால் மணியாயிற்று. வேலை முடிந்து வந்த நாலைந்து பேர் விளக்கைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மனைவிக்குப் போன் செய்து, “லைட் எரியுது, லேட்டாகும், கதவச் சாத்திக்க” என்றார். கீழே ஓடைப் பக்கம் கிளை முறிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு மறுபடி. ஒரு சின்னப் பிளிறல், குட்டியுடையது என்றார்கள். அவ்வளவு பக்கத்தில் யானைக் கூட்டம் இருக்க, அதன் ஒரு காதைக்கூட நான் பார்க்கவில்லை. யாரும் எட்டிப் பார்க்க எழவுமில்லை. அந்த முக்கால் மணியில் நான் கேட்ட கதைகளுக்குத் தனிக் கட்டுரை வேண்டும்: ரேஷன் கடை ஷட்டரை மடக்கி அரிசி எடுத்த மோழை யானை, சத்துணவுக்கூட ஜன்னலில் தும்பிக்கை நுழைத்துப் பருப்பு மூட்டையைத் தடவியது, அது போகிறவரை கட்டிலுக்கடியில் கிடந்த வாத்தியார்.

அப்போது டவுன் பக்கமிருந்து ஒரு கார் வந்தது. கடை வாசலில் வேகம் குறைத்து, கண்ணாடியை இறக்கி, ஒரு இளைஞர் கேட்டார். “அண்ணா, இங்கதானே எலிஃபன்ட் சைட்டிங்?” கையில் போன் வெளிச்சம்.

டீக்கடைக்காரர் விளக்கைக் காட்டினார். “அங்க போகாதீங்க தம்பி. அதுக்குத்தான் லைட்டு.”

“ஓ, அங்கதானா! தேங்க்ஸ்ணா.”

கார் விளக்கைப் பார்த்தே போயிற்று. பெஞ்சிலிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் வனத்துறை ஆளுக்குப் போன் போட்டார். கொஞ்ச நேரத்தில் மேட்டுப் பக்கம் ஹாரன் சத்தம், இன்ஜினை உறுமவிடுகிற சத்தம். கார் வந்ததைவிட வேகமாகத் திரும்பி, எங்களைக் கடந்து கீழே போனது. இந்தமுறை கண்ணாடி இறங்கவில்லை. விளக்கு அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் எரிந்தது. காரைக் கண்டு மிரண்டு கூட்டம் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டது என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டிருந்த மனைவி மூன்றாவது முறையாகப் போனில் வந்தார்.

மறுநாள் காலை முதல் பேருந்து. முன்னிருக்கையில் இடம் கிடைத்தது. டீக்கடை தாண்டி, விளக்குக் கம்பம் தாண்டி, ஒரு வளைவில் ரோட்டின் நடுவே ஈரம் காயாத யானைச் சாணம், அதன் பக்கத்தில் நசுங்கிய ஒரு சிப்ஸ் பாக்கெட். ஓட்டுநர் கியரைக் குறைத்து, சாணத்தின்மேல் சக்கரம் ஏறாமல், தேயிலைப் பக்கமாக ஒதுக்கி ஓட்டிப்போனார்.