கோடு வெளுத்த மீன்

தங்கமீன் தங்க நிறத்தில் பிறப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவந்த சில வாரங்களில் குஞ்சுகள் பச்சையும் பழுப்பும் கலந்த மங்கல் நிறத்துக்கு வந்துவிடும். குளத்தில் பிடித்த ஏதோ கெண்டைக் குஞ்சு என்றுதான் நினைப்பீர்கள். சில மாதங்களில் ஒவ்வொன்றாக நிறம் மாறத் தொடங்கும். பெரும்பாலும் வயிற்றுப் பக்கம் முதலில் கறுப்பு விலகும். அது மெல்ல முதுகை நோக்கி ஏறும். கடைசியில் முதுகுத் துடுப்பின் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் கறை நிற்கும், பிறகு அதுவும் போய்விடும். உடன்பிறந்த குஞ்சுகளில் ஒன்றிரண்டு, வளர்ந்த பின்னும் பழுப்பாகவே இருந்துவிடுவதும் உண்டு.

இங்கே யாரும் மீனுக்குப் புதிதாகப் பொன் பூசவில்லை. மஞ்சளும் சிவப்பும் முன்பே தோலில் இருந்தன. அவற்றை மறைத்திருந்த கறுப்பு செல்கள் அழிந்துபோயின. அப்படி அழிய வேண்டும் என்ற குறிப்பு அந்த மீனின் மரபணுவில் இருக்கிறது. தங்கமீனின் மூதாதைகள் சீனாவில் வாழ்ந்த சாம்பல் நிற நன்னீர் மீன்கள். அவற்றில் எப்போதாவது பொன்னிறமாகத் தோன்றியவற்றைத் தனியே வளர்த்து, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகச் சோடி சேர்த்துவந்ததில் கிடைத்தவைதான் இன்று நம் தொட்டிகளில் நீந்துகின்றன.

மீன் தோலில் நிறத்துக்கென்றே தனி செல்கள் இருக்கின்றன. சிலவற்றில் மெலனின் என்ற கறுப்பு நிறமி இருக்கும். சிலவற்றில் மஞ்சள், சிலவற்றில் சிவப்பு. இன்னொரு வகை செல்லில் நிறமியே கிடையாது. அதற்குள் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள், அடுக்கி வைத்த கண்ணாடித் தகடுகள் போல இருக்கும். ஒளி அவற்றில் பட்டுத் திரும்பும்போது வெள்ளியாகவோ நீலமாகவோ மின்னும். நியான் டெட்ராவின் உடம்பில் ஓடும் நீலக் கோடு அப்படி வருவதுதான். அந்தக் கோட்டில் நீலச் சாயம் ஒரு துளிகூட இல்லை! இரவில் வெகுநேரம் விளக்கை அணைத்துவிட்டுத் திடீரென்று போட்டுப் பாருங்கள். கோடு மங்கிப் போயிருக்கும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். படிகங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறுவதால் நடக்கும் வேலை இது.

எந்த வகை செல், எத்தனை, உடம்பில் எந்த இடத்தில், அதற்குள் எவ்வளவு நிறமி என்பதையெல்லாம் மரபணுக்கள்தாம் தீர்மானிக்கின்றன. ஆனால் எல்லாமே அவற்றின் கையில் இல்லை. ஆரஞ்சு, சிவப்பு நிறங்களுக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற பொருளை மீனால் தானாகத் தயாரிக்க முடியாது. பாசியிலிருந்தும் சிறு இறால் வகைகளிலிருந்தும் அதைத் தின்றுதான் பெற வேண்டும். கடையில் சிவப்பாகப் பளபளத்த மீன் வீட்டுக்கு வந்ததும் வெளிறிப்போனால், முதலில் அதன் தீனியைக் கவனியுங்கள்.

மீனின் நிறம் உண்மையிலேயே மரபணுவிலிருந்து வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குஞ்சைப் பார்க்க வேண்டும். இந்திய ஆறுகளில் கண்ணாடி மீன் ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் முள் தெரியும் அளவுக்கு அதன் உடல் தெளிவாக இருக்கும். அதன் உடம்பில் ஊசியால் இளஞ்சிவப்பு, பச்சைச் சாயங்களை ஏற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். மீனுக்கு அது பெரும் கொடுமை. நோய் தொற்றும், பல மீன்கள் செத்துப்போகும், பிழைத்தவற்றிலும் சாயம் நாளடைவில் மங்கிவிடும். அந்த மீன் குஞ்சு பொரித்தால், குஞ்சுகள் கண்ணாடி போலவே இருக்கும். ஊசி ஏற்றிய சாயம் மரபணுவுக்குள் போவதில்லை. அத்தகைய மீனைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

குஞ்சுகளைப் பார்த்துப் பார்த்தே பெரிய உண்மையைக் கண்டவர் யோகானஸ் ஷ்மிட். விலாங்கு மீன்கள் கடலில் எங்கே இனப்பெருக்கம் செய்கின்றன என்று பல ஆண்டுகள் தேடிய டென்மார்க் நாட்டு அறிவியலாளர் இவர்தான். அவர் கப்பி மீன்களையும் வளர்த்தார். கப்பியில் ஆண் மீன் சிறியது, ஆனால் வண்ணம் முழுக்க அதனிடம்தான். பெண் மீன் பெரும்பாலும் வெறும் சாம்பல். முதுகுத் துடுப்பில் கறுப்புப் புள்ளி உள்ள ஆணைச் சோடி சேர்த்தால், பிறக்கும் மகன்கள் எல்லோருக்கும் புள்ளி வந்தது. மகள்களுக்கு வரவில்லை. சரி, மகளிடம் அது மறைந்திருந்து பேரனுக்கு வருமோ? அந்த மகளைப் புள்ளி இல்லாத ஆணோடு சேர்த்தபோது, பிறந்த ஆண்களுக்கும் புள்ளி இல்லை. தாய் யாராக இருந்தாலும், புள்ளி அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போனது. 1920இல் ஷ்மிட் இதை வெளியிட்டார்.

காரணம் ஒய் குரோமோசோம். கப்பிக்கும் நம்மைப் போலவே 23 சோடி குரோமோசோம்கள் உண்டு. நம்மைப் போலவே ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். அந்தப் புள்ளிக்கான மரபணு ஒய் குரோமோசோமில் இருக்கிறது. ஒய் அப்பாவிடமிருந்து மகனுக்குத்தான் போகும். டென்மார்க்கைச் சேர்ந்த ஓய்வின் விங்கே 1922 முதல் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, கப்பியின் இன்னும் பல வண்ணங்கள் எக்ஸிலும் ஒய்யிலும் எப்படி அமைந்திருக்கின்றன என்று காட்டினார்.

ஷ்மிட்டின் சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பெண் கப்பி ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தணுக்களைப் பல மாதங்கள் உடம்புக்குள் சேமித்து வைத்திருக்கும். கடைத் தொட்டியில் ஆண்களோடு இருந்த பெண்ணை வாங்கி வந்தால், குஞ்சுகளின் அப்பா யார் என்று சொல்லவே முடியாது. ஆகவே உங்கள் தொட்டியில் பிறந்த குஞ்சுகளிலேயே பெண்களைச் சீக்கிரம் பிரித்து வேறு தொட்டியில் விட வேண்டும். அடிப்புறத் துடுப்பு கூராகத் தொடங்கினால் அது ஆண். விசிறி போலவே இருந்து, பக்கத்தில் கருநிறத் திட்டு தெரிந்தால் பெண். மிஞ்சிய குஞ்சுகளைக் குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். கப்பி தென் அமெரிக்காவிலிருந்து வந்த மீன். நம் நீர்நிலைகளில் பெருகினால் இங்குள்ள சிறு மீன்களுக்கு இடைஞ்சல்.

இப்போது நம் பக்கத்து மீன் ஒன்றிடம் வருவோம். உடம்பு நீளத்துக்குக் கருநீலக் கோடுகள் ஓடும் விரல் நீள மீன் ஒன்று உண்டு. கடையில் ஜீப்ரா என்று கேட்டால் கொடுப்பார்கள். கங்கைச் சமவெளி ஓடைகளிலும் வயல் நீரிலும் திரிவது. பிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் கங்கை மீன்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் இதை வளர்க்கிறார்கள். முட்டையும் கருவும் தெளிவாக இருப்பதால், உள்ளே இதயம் துடிக்கத் தொடங்குவதைக்கூட நுண்ணோக்கியில் பார்க்க முடியும்.

இந்த மீனில் கோடு வெளுத்த வகை ஒன்று இருக்கிறது. கோடுகள் இருக்கும், ஆனால் கருநீலம் போய் வெளிர்பொன்னாகத் தெரியும். அதைச் சாதாரண ஜீப்ராவோடு சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் கருங்கோட்டுடன் பிறக்கும். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் சேர்ந்தால், பேரக் குஞ்சுகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குக் கோடு வெளுத்திருக்கும். பெரும்பாலான மரபணுக்கள் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு படிகளாக இருக்கின்றன. இங்கே இரண்டு படியும் பழுதாக இருந்தால்தான் நிறம் வெளுக்கும். ஒரு நல்ல படி இருந்தாலே கறுப்பு வந்துவிடும்.

பழுதானது எந்த மரபணு? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கீத் செங் குழுவினர் தேடிக் கண்டுபிடித்து 2005இல் வெளியிட்டார்கள். மெலனின், செல்லுக்குள் மிகச் சிறிய பைகளில் உருவாகிறது. கோடு வெளுத்த மீனில் அந்தப் பைகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை, அடர்த்தியும் கம்மி. காரணமான மரபணுவின் நல்ல படியின் செய்தியை வெளுத்த மீனின் கருவில் செலுத்தினார்கள். கறுப்பு திரும்பி வந்தது. பிறகு மனிதரிடமும் அதே மரபணு இருப்பதைப் பார்த்து, மனித மரபணுவின் செய்தியைச் செலுத்தினார்கள். அப்போதும் மீன் கருவில் கறுப்பு வந்தது! மீனும் மனிதரும் பிரிந்து நாற்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மீனின் செல் நம் மரபணுவின் மொழியைப் படித்துவிட்டது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மனிதரில் இந்த மரபணு இரண்டு வடிவங்களில் பரவலாக இருக்கிறது. அது உருவாக்கும் புரதத்தில் 111ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருப்பது பழைய வடிவம். அந்த ஓரிடத்தில் மட்டும் திரியோனின் மாறி உட்கார்ந்தால் தோலில் மெலனின் குறைகிறது. ஐரோப்பியர் கிட்டத்தட்ட எல்லோரிடமும் மாறிய வடிவம்தான். ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் பெரும்பாலோரிடம் பழைய வடிவம்.

நம் நாட்டில்? ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிவியலாளர்களும் பங்கேற்ற ஆய்வு ஒன்று 2013இல் வந்தது. இந்தியாவில் இரண்டு வடிவங்களும் கலந்தே இருக்கின்றன, இடத்துக்கு இடம் அளவு மாறுகிறது என்று அது காட்டியது. இங்குள்ள மாறிய வடிவமும் ஐரோப்பியரின் மாறிய வடிவமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்தவை என்பதும் தெரிந்தது. தோல் நிறத்தில் பங்குள்ள மரபணுக்கள் இன்னும் பல. அம்மா, அப்பா ஒவ்வொருவரின் இரண்டு படிகளில் எது வந்து சேரும் என்பது ஒவ்வொரு பிறப்பிலும் புதிதாகவே முடிவாகிறது. ஒரே வீட்டில் அக்கா மாநிறமாகவும் தம்பி கறுப்பாகவும் பிறப்பது இப்படித்தான்.