பலகை ஆடினால் ரோபோ நிற்கும்

போட்டியின் நடுவில் ரோபோ திடீரென்று நின்றுவிட்டால், குழுவினர் உடனே மடிக்கணினியைத் திறந்து நிரலில் பிழை தேடுவார்கள். பல வேளைகளில் நிரல் சரியாகவே இருக்கும். ஒரு கம்பி கழன்றிருக்கும். அல்லது மூளையாக இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகையே இடம் பெயர்ந்திருக்கும்.

இது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2005 அக்டோபர் 8இல் அமெரிக்கப் பாலைவனத்தில், ஓட்டுநர் இல்லாத வாகனங்களுக்கு டார்பா அமைப்பு 212 கிலோமீட்டர் பந்தயம் நடத்தியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஹைலேண்டர் வண்டி வழியில் வலுவிழந்து, வென்ற ஸ்டான்லியைவிட ஏறக்குறைய 20 நிமிடம் பின்தங்கியது. பந்தயத்துக்குச் சில வாரங்களுக்கு முன் அது கவிழ்ந்திருந்தது. காரணம் 12 ஆண்டுகள் புலப்படவில்லை. 2017இல்தான், என்ஜினின் மின்னணுச் சுற்றில் இருந்த ஒரு சிறு வடிப்பானைக் கையால் அழுத்தினாலே என்ஜின் தடுமாறுவது தெரிந்தது. ஸ்டான்லியின் கணினிகளோ அதிர்வு தாங்கும் சட்டத்தில் பொருத்தப்பட்டிருந்தன.

நம் சிறிய ரோபோவுக்கு வருவோம். வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் ஓடும் ரோபோ சுவரில் மோதி 0.01 வினாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் அரை கிலோ மின்கலமும் பலகையும் இருந்தால், அவற்றைப் பிடித்து நிறுத்த 75 நியூட்டன் விசை வேண்டும். ஏழரை கிலோ அரிசிப் பையைத் தூக்கும் விசை அது! நான்காம் படிவ இயற்பியலில் வரும் கணத்தாக்கு விசை இதுதான். இருபக்க ஒட்டு நாடா இதைத் தாங்குமா? ஈப்போ வெயிலில் காருக்குள் இரண்டு மணி நேரம் கிடந்த நாடாவை நான் நம்பமாட்டேன். முன்பக்கம் 2 செ.மீ. பஞ்சு ஒட்டி, நிற்கும் நேரத்தை 0.02 வினாடி ஆக்கினால் விசை பாதியாகிவிடும்.

ஆர்.பி.டி. பட்டறையில் நீங்கள் பார்க்கும் ஆர்டுவினோ ஊனோ பலகையில் நான்கு துளைகள் உண்டு. 3 மி.மீ. திருகாணி அவற்றில் நுழையும். ஆனால் பலகையை நேராக அலுமினியச் சட்டத்தின் மேல் வைத்துத் திருகிவிடாதீர்கள். அடியில் ஈயப்பற்று முனைகள் துருத்திக்கொண்டிருக்கும். உலோகம் பட்டால் குறுஞ்சுற்று. நைலான் தாங்குகால்கள் வைத்து உயர்த்துங்கள். ஒரு துளை கம்பி செருகும் வரிசையை ஒட்டியே இருக்கிறது. அங்கே உலோகத் திருகாணியின் தலை இடிக்கும், நைலான் திருகாணியே நல்லது. மோட்டார் அதிர்வில் சாதாரண நட்டு மெல்ல மெல்லக் கழலும். உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டு அவ்வளவு எளிதில் கழலாது.

பலகை அசையாவிட்டாலும் கம்பி இழுபடலாம். பலகைக்கு இரண்டு விரல் தூரத்தில் கம்பிகளைச் சேர்த்துச் சட்டத்தோடு கேபிள் டையால் கட்டுங்கள். கட்டுக்கும் பலகைக்கும் இடையே கொஞ்சம் தளர்வு விடுங்கள். இழுப்பு கட்டோடு நின்றுவிடும். யூ.எஸ்.பி. வாயும் மறுதொடக்கப் பொத்தானும் விரலுக்கு எட்டட்டும். அழகாக மூடி வைத்துவிட்டு, போட்டியன்று ரோபோவையே பிரித்த குழுக்கள் உண்டு.

பிடி இறுக்கமாகவும் இருக்கலாம், சற்று நெகிழ்ந்தும் இருக்கலாம். பேராக்கின் பழைய தோட்டங்களில் பால் வெட்டிய பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், மரத்தில் மங்கு எப்படி நின்றது என்று கேளுங்கள். மரத்தைச் சுற்றிய கம்பியில் ஒரு சுருள்வில் இருக்கும். மரம் பருக்கப் பருக்க அது விரிந்து கொடுக்கும், மங்கு விழாது. அதுபோல, தாங்குகாலுக்கு அடியில் ஒரு ரப்பர் வளையம் வைத்தால் மோட்டாரின் வேகமான அதிர்வு பலகைக்குக் குறைவாகவே போகும். ஒரு விதிவிலக்கு உண்டு. மைக்ரோபிட் போலப் பலகையிலேயே முடுக்கமானி இருந்து, உங்கள் நிரல் அதைப் பயன்படுத்தினால், ரப்பர் வேண்டாம். பலகை தனியே ஆடினால் உணரி அந்த ஆட்டத்தையும் ரோபோவின் அசைவு என்றே எண்ணிக்கொள்ளும்.

எல்லாம் முடிந்தபின் விளக்கு மினுக்கும் ஒரு சிறு நிரலை ஓடவிட்டு, சக்கரங்களைத் தொடாமல் ரோபோவைத் தலைகீழாகப் பிடித்துப் பத்து வினாடி குலுக்குங்கள். மினுக்கம் ஒரு முறை தடுமாறினாலும், ஒவ்வொரு கம்பியாக விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள்.