பழைய எஞ்சினுக்கு ஏற்ற எண்ணெய்

மும்பையின் மான்குர்த்துக்கு அருகிலுள்ள குர்லாவில் உருவான பிரீமியர் பத்மினி கார்கள், கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக இந்நகரில் பல்லாண்டுகள் ஓடின. இங்கு டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. 2003-இல் பதிவான கடைசிப் பத்மினி டாக்சி, 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. எஞ்சின் நின்றால் ஓட்டுநரின் அன்றாட வருமானமும் நின்றுவிடும். ஆதலால், பழைய எஞ்சினுக்குத் தக்க மசகெண்ணெயைத் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது.

எஞ்சினுள் உராயும் உலோகப் பாகங்களுக்கிடையே மசகெண்ணெய் மெல்லிய படலமாகப் பரவுகிறது. அது தேய்மானத்தைக் குறைக்கிறது, வெப்பத்தை அகற்றுகிறது, அழுக்கைச் சுமந்து செல்கிறது.

மசகெண்ணெய் இருவகைப்படும். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துப் பெறுவது கனிம எண்ணெய். இதற்கான அடிப்படை எண்ணெய், செம்பூரை அடுத்த மாகுலில் உள்ள இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆலையிலும் ஆயத்தமாகிறது. இதன் மூலக்கூறுகள் பல அளவின. வேதியியல் முறையில் மூலக்கூறுகளைச் சீராக்கி உருவாக்குவது செயற்கை எண்ணெய். இது மிகு வெப்பத்திலும் எளிதில் கெடாது, கடுங்குளிரிலும் எளிதாகப் பாயும், விலையோ மிகுதி.

எண்ணெயின் வகையைவிட அதன் பாகுநிலையே முதலில் கவனிக்கத்தக்கது. '20டபிள்யூ-50' என்னும் குறியீட்டில் முதல் எண் குளிரில் பாயும் தன்மையையும், இரண்டாம் எண் எஞ்சின் சூடேறியபின் உள்ள தடிப்பையும் குறிக்கும். தேய்ந்த எஞ்சினில் பாகங்களின் இடைவெளி பெருகியிருக்கும். அதில் மிக நீர்த்த எண்ணெயை ஊற்றினால், அது கசிந்து எரிந்து நீலப்புகையாக வெளியேறும்.

செயற்கை எண்ணெய் பழைய எஞ்சினைக் கெடுக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தொடக்ககாலச் செயற்கை எண்ணெய்கள் சில, ரப்பர் சீல்களைச் சுருக்கியதால் இந்நம்பிக்கை எழுந்தது. இக்கால எண்ணெய்களில் அதைத் தடுக்கும் சேர்மானங்கள் உள்ளன. எனினும், நைந்த சீலை அடைத்திருந்த கசடு கரைந்தால் கசிவு வெளிப்படலாம். அப்போது மாற்ற வேண்டியது சீலையே.

கையேடு கூறும் பாகுநிலையில், நல்ல நிலையிலுள்ள எஞ்சினுக்குச் செயற்கை எண்ணெய் இடலாம். நெரிசலில் நின்று நின்று செல்லும் வண்டிக்கு அதன் வெப்பந்தாங்கும் திறன் உதவும். மும்பையில் கடுங்குளிர் இல்லாமையால், குளிரில் எளிதாகப் பாயும் பண்பால் இங்குப் பெரும்பயன் இல்லை. எண்ணெயைக் குடிக்கும் எஞ்சினில் விலையுயர்ந்த எண்ணெய் வீணாகும். முதலில் பழுது நீக்க வேண்டும்; அதுவரை உரிய காலத்தில் மாற்றப்படும் கனிம எண்ணெயே போதும்.

கழிவெண்ணெயைச் சாக்கடையில் கொட்டலாகாது. மான்குர்த்தின் கிழக்கே தாணே கழிமுகம் உள்ளது. அங்குள்ள பூநாரைச் சரணாலயம் 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, கழிவெண்ணெயை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பதே கடமை.

சொற்பொருள்
மசகெண்ணெய் – உராய்வைக் குறைக்கும் எண்ணெய்
பாகுநிலை – நீர்மம் பாய்வதற்குக் காட்டும் தடை
கசடு – அடியில் படியும் அழுக்கு

வினாக்கள்
1. மசகெண்ணெயின் பணிகள் யாவை?
2. தேய்ந்த எஞ்சினுக்கு மிக நீர்த்த எண்ணெய் ஏன் பொருந்தாது?
3. எண்ணெயைக் குடிக்கும் பழைய டாக்சிக்கு எவ்வெண்ணெயைப் பரிந்துரைப்பீர்? காரணம் தருக.