பதினொரு பேரும் பெட்டிங் செய்தால் பந்து போடுவது யார்?



தோட்டத்தில் கிரிக்கட் டீம் சேர்ப்பது எப்படி என்று நம் எல்லோருக்கும் தெரியும். மேல் டிவிசனுக்கு ஐந்து பேர், கீழ் டிவிசனுக்கு ஐந்து பேர், மிச்சமுள்ள ஒரு இடத்துக்கு ஒரு சண்டை. சேர்ந்த பதினொரு பேரில் எட்டுப் பேர் "நான்தான் முதலில் பெட் பண்ணுவேன்" என்பார்கள். ஓடி ஓடிப் பந்து பிடிக்க ஆள் இருக்காது. தோற்றுப்போனால் கேட்ச் விட்ட பையனுக்குத்தான் எல்லோருடைய ஏச்சும். அடுத்த ஞாயிறு அவன் மைதானத்துப் பக்கமே வரமாட்டான். அவன் வேறு எங்கே போய் உட்காருவான் என்பதும் நமக்குத் தெரியும். அதனால்தான் இது வெறும் விளையாட்டு விசயம் இல்லை என்கிறோம்.

நாங்களும் கிரிக்கட் ரசிகர்கள்தான். நல்ல டீம் என்றால் கெட்டிக்காரர்களின் கூட்டம் மட்டும் அல்ல, வேலைகள் சரியாகப் பங்கிடப்பட்ட கூட்டம் என்பதே நாங்கள் கண்ட உண்மை. ஒரு தோட்டத்தில் எல்லோரும் கொழுந்து எடுக்கவே போனால் கவ்வாத்து வெட்டுவது யார்? புல்லு வெட்டுவது யார்? ஸ்டோரில் கொழுந்து வாட்டுவது யார்? டீமும் அதே மாதிரித்தான்.

1996இல் கணக்குச் சரியாக வந்த டீம்

1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று இலங்கை உலகக் கிண்ணத்தை எடுத்தது. அந்தப் பதினொரு பேரையும் வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம். ஜயசூரிய, களுவிதாரண, குருசிங்க, அரவிந்த டி சில்வா, அர்ஜுன ரணதுங்க, திலகரத்ன, மஹாநாம, தர்மசேன, வாஸ், முரளிதரன், விக்ரமசிங்க.

ஐம்பது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் பத்து ஓவருக்கு மேல் போட முடியாது. ஆகவே குறைந்தது ஐந்து பேர் பந்து போட வேண்டும். ஆனால் இந்த டீமில் பந்து வீச்சுக்கென்றே எடுத்தவர்கள் நான்கு பேர்தான்: வாஸ், விக்ரமசிங்க, தர்மசேன, முரளிதரன். ஐந்தாவது ஆள் எங்கே? ஜயசூரியவும் அரவிந்தவும்தான் அந்த ஐந்தாவது ஆள். இரண்டு பேரும் பெட்டிங்குக்கு எடுக்கப்பட்டவர்கள், பந்தும் போடுவார்கள்.

இறுதி ஆட்டத்தில் அந்த நான்கு பேரும் சேர்ந்து 33 ஓவர்கள் போட்டார்கள். மிச்சம் 17 ஓவர்களை ஜயசூரியவும் அரவிந்தவும் போட்டு, 85 ஓட்டங்கள் கொடுத்து 4 விக்கட் எடுத்தார்கள். அவுஸ்திரேலியா இழந்தது மொத்தமே 7 விக்கட்தான். முரளி 10 ஓவரில் 31 ஓட்டம் மட்டும் கொடுத்து இறுக்கிப் பிடித்தார். பிறகு அரவிந்த ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் எடுத்தார்.

இதில் வந்த இலாபம் என்ன? இரண்டு பேர் இரட்டை வேலை செய்ததால் ஒரு இடம் மிச்சமானது. அந்த இடத்தில் மஹாநாம மாதிரி ஒரு முழுப் பெட்ஸ்மனை ஏழாவதாக வைக்க முடிந்தது. விக்கட் காப்பாளர் களுவிதாரணவே ஆரம்பத் துடுப்பாட்டக்காரர். அங்கேயும் ஒரு இடம் மிச்சம். பின்னால் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் முன்னால் போனவர்கள் முதல் 15 ஓவரில் துணிந்து அடித்தார்கள்.

அந்தத் தைரியம் சும்மா வந்தது அல்ல. கல்கத்தாவில் இந்தியாவுக்கு எதிரான அரை இறுதியில் ஆரம்பக்காரர்கள் இரண்டு பேரும் முதல் ஓவரிலேயே வெளியேறினார்கள். வேறு டீமாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். அரவிந்த 66, மஹாநாம 58 என்று பின்னால் வந்தவர்கள் தூக்கி நிறுத்தி 251 வரை கொண்டுபோனார்கள். அதே டீம்தான் அதற்கு ஒரு கிழமைக்கு முன், மார்ச் 6ஆம் திகதி, நம்ம கண்டி அஸ்கிரிய மைதானத்தில் கென்யாவுக்கு எதிராக 5 விக்கட்டுக்கு 398 அடித்தது. அந்த உலக சாதனை பத்து வருசம் நின்றது.

நம்ம முரளி

முரளிதரனின் பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று தென்னிந்தியாவில் இருந்து வந்தவர். முரளி கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர். ஆரம்பத்தில் அவர் மித வேகப் பந்துதான் போட்டார். பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சொன்னதைக் கேட்டு, பதினான்கு வயதளவில் சுழல் பந்துக்கு மாறினார். 2010இல் டெஸ்ட் ஆட்டத்தில் இருந்து விலகும்போது 800 விக்கட். பிள்ளைக்குப் பிடித்த வேலை ஒன்று, பொருந்துகிற வேலை வேறொன்றாக இருக்கலாம். அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பெரியவர் வேண்டும்.

காசும் ஒரு கணக்கு

தொழில்முறை டீம்களில் இன்னொரு தொல்லை, காசு. லங்கா பிரிமியர் லீக் 2020இல் தொடங்கியது. கண்டிப் பெயரிலும் ஒரு டீம் உண்டு. 2023இல் முதல் தடவையாக ஏலம் வைத்தார்கள். ஒவ்வொரு டீமுக்கும் 5 இலட்சம் அமெரிக்க டொலர்தான் எல்லை. இருபது பேரை எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பெரிய பெயருக்கு 1 இலட்சம் கொடுத்தால், மிச்சம் 19 பேருக்கும் சேர்த்து 4 இலட்சம்தான். ஆளுக்கு ஏறக்குறைய 21,000. இரண்டு பெரிய பெயர் என்றால் இன்னும் குறையும். சம்பள நாள் அன்றைக்கே பெரிய சாமான் வாங்கிவிட்டு மாசக் கடைசியில் மாவுக்குக் கடன் கேட்கிற கதைதான். அதற்கு மேல், ஆடும் பதினொரு பேரில் வெளிநாட்டுக்காரர் நான்கு பேருக்கு மேல் கூடாது. அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்தாட்டத்திலும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள்.

2023இல் கண்டி டீம்தான் கிண்ணம் எடுத்தது. அந்தத் தொடரில் கூடிய ஓட்டமும் கூடிய விக்கட்டும் கண்டி கெப்டன் வனிந்து ஹசரங்கவுடையது: 279 ஓட்டம், 19 விக்கட். ஆனால் இறுதி ஆட்டத்தன்று அவர் காயத்தால் ஆடவில்லை. அஞ்சலோ மெத்தியூஸ் தலைமையில் மற்றவர்கள் தம்புள்ளையை 5 விக்கட்டால் வென்றார்கள். தலையாட்டக்காரர் இல்லாத நாளில்தான் டீமின் உண்மையான பலம் தெரியும்.

பெண் பிள்ளைகளின் ஆட்டத்திலும் இதே பாடம் உண்டு. வலைப்பந்தாட்டத்தில் ஏழு பேர். கோல் போட இரண்டு பேருக்கு மட்டுமே உரிமை. 2019 உலகக் கிண்ணத்தில் எல்லா நாட்டு ஆட்டக்காரர்களையும் விடக் கூடுதலாகக் கோல் போட்டவர் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம். இருந்தும் 16 நாடுகளில் இலங்கைக்கு 15ஆவது இடம்தான். கோல் போடுகிறவர் எவ்வளவு உயரம் என்றாலும், நடுவில் பந்தைக் கொண்டு வரவும் பின்னால் தடுக்கவும் மற்றவர்கள் வேண்டும்.

நம் தோட்டத்து டீமுக்கு

1. பெயர் எழுத முன் வேலையை எழுதுங்கள். பத்து ஓவர் மென்பந்து ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு ஓவர் என்றால் ஐந்து பேர் பந்து போட வேண்டும். ஆறாவதாக ஒருவரைக் கைக்காவலாக வைத்திருங்கள்.

2. இரண்டு வேலை தெரிந்தவரை முதலில் எடுங்கள்.

3. டிவிசன் கணக்கு, சங்கக் கணக்கு, சொந்தக்காரர் கணக்கு மூன்றையும் மைதானத்துக்கு வெளியே விடுங்கள். தெரிவு செய்ய மூன்று பேரை வையுங்கள். ஏன் எடுத்தோம், ஏன் விட்டோம் என்று அவர்கள் எல்லோர் முன்னும் சொல்லட்டும்.

4. இடம் கிடைக்காத பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசுங்கள். "உனக்கு ஏலாது" என்று சொல்லாதீர்கள். "டீமுக்கு இப்ப சுழல் பந்து போட ஆள் இல்லை, நீ பழகிப் பார்க்கிறியா?" என்று கேளுங்கள்.

5. கேட்ச் விட்டவரை லொறியில் வைத்து ஏசாதீர்கள். தோட்டத்துக்கு வந்து, அடுத்த நாள் அவருக்கு இருபது கேட்ச் போட்டுப் பழக்குங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை எத்தனை ஓட்டம் அடித்தான் என்று மட்டும் கேட்காமல், எத்தனை ஓட்டத்தைத் தடுத்தான் என்றும் கேளுங்கள். லாகூரில் முரளி ஒரு ஓட்டம்கூட அடிக்கவில்லை. அவருக்குப் பெட்டிங் வரவே இல்லை. ஆனாலும் அவர் இல்லாமல் அந்தக் கிண்ணத்தை நினைத்துப் பார்க்க முடியுமா?