எழுது மேசை – 6: திரையில் விழும் ஜன்னல்

சென்ற வாரம் நாற்காலி. முழங்கை உயரம் பற்றிச் சொன்னது நினைவிருக்கும், மறுபடி எழுதவில்லை. இந்த வாரம் லேப்டாப் ஸ்டாண்டு என்று சொல்லியிருந்தேன். அது காத்திருக்கட்டும். திரையை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்குள் ஜன்னல் தெரிந்தால் பயனில்லை என்பதை பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு தோழியின் அறையில் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பழைய வீடு, கீழ்த்தளம், சிவப்பு ஆக்சைடு தரை. தணிக்கை வேலையை அங்கிருந்தே செய்கிறாள். தனி கீபோர்டு, மவுஸ், வைஃபை ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ், கால் வைக்க மரப்பலகை என்று மேசைக்கு வேண்டியதெல்லாம் வாங்கியிருக்கிறாள். முதுகுக்குப் பின்னால் தெற்கு ஜன்னல். மதியம் மூன்று மணிக்கு எக்செல் கட்டங்களின் மேல் ஜன்னல் கம்பிகளும் எதிர்வீட்டு வெள்ளைச் சுவரும் தெரிகின்றன. எண்களைப் படிக்கத் தலையை இடப்பக்கம் சாய்க்கிறாள். சாய்ப்பது அவளுக்கே தெரியவில்லை. மாலையானால் கழுத்து வலி, தலைவலி. கண்ணாடியின் பவர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

1898 பிளேக்குக்குப் பிறகு வேகமாக வளர்ந்த பேட்டை மல்லேஸ்வரம். சம்பிகே ரோடும் மார்கோசா ரோடும் வடக்கு தெற்காக ஓடுகின்றன, கிராஸ்கள் எனப்படும் குறுக்குத் தெருக்கள் கிழக்கு மேற்காக. அதனால் கிராஸ் வீடுகளின் முகப்பு பெரும்பாலும் வடக்கு அல்லது தெற்கு. வடக்கு ஜன்னலில் ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் விழாது. தெற்கு ஜன்னலிலோ ஐப்பசி முதல் மாசி வரை வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். கட்டியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பெங்களூரின் பழைய பங்களாக்களில் ஜன்னலுக்கு மேல் கூம்பாக முன்தள்ளி நிற்கும் மரக்கூரையை, 'மங்கி டாப்' என்பார்களே, அதைப் பார்த்திருப்பீர்கள். மரச்சட்டங்கள் வெயிலை உடைத்து, வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடும். இந்த வீட்டிலும் இருந்ததாம். "மழையிலே இத்துப் போச்சும்மா, எடுத்துட்டோம்" என்றார் வீட்டுக்கார மாமி. அதை எடுத்த இடத்தில் சுவரில் ஆணித் துளைகள் இன்னும் இருக்கின்றன.

அதே மல்லேஸ்வரத்தின் 15ஆவது கிராஸில் இருக்கிறது 'பஞ்சவடி', சர் சி.வி. ராமன் வாழ்ந்த வீடு. திருச்சியில் பிறந்தவர், 1933இல் இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக இந்த ஊருக்கு வந்தார். பளபளப்போடு அவருக்கிருந்த வழக்கு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இந்த வாரம் முழுக்க என்னை வேறு வேலை பார்க்க விடாதது அந்தக் கதைதான்.

1921. இங்கிலாந்திலிருந்து 'நார்குண்டா' கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். வானத்தின் நீலம் தண்ணீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்று இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார், எல்லோரும் ஏற்றிருந்தார்கள். ராமனிடம் நிக்கோல் பட்டகம் ஒன்று இருந்தது: கால்சைட் படிகத்தை வெட்டிப் பிசினால் ஒட்டிய, கைக்குள் அடங்கும் சின்னப் பொருள். வழுவழுப்பான பரப்பில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பட்டகத்தைத் திருப்பினால், ஒரு நிலையில் மேற்பரப்பின் பிரதிபலிப்பு அணைந்துவிடும். ராமன் அணைத்துப் பார்த்தார். வானம் போய்விட்டது, நீலம் போகவில்லை. இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே சிதறி வருகிறது என்று எழுதினார், அந்த நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. அங்கே பிடித்த நூல்தான் 1928 பிப்ரவரி 28 வரை, ராமன் விளைவு வரை போனது. ஆய்வுக்கூடம் வேண்டும் என்று காத்திருக்காமல், கப்பல் தளத்தில் நின்றபடியே முதலில் பளபளப்பை விலக்கிவிட்டு, பிறகு பார்த்தாரே, அதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அப்படியானால் அந்தப் பட்டகத்தின் வேலையைச் செய்யும் போலராய்டு கண்ணாடி போட்டால் மேசையிலும் தீர்ந்துவிடுமா? தீராது. அந்த வித்தைக்குச் சாய்வு வேண்டும். முதுகுக்குப் பின்னாலுள்ள ஜன்னல் திரையில் ஏறக்குறைய நேராகப் பட்டுத் திரும்புகிறது, அந்த ஒளி ஒரே தளத்தில் அதிராது. மேலும் எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளியே போலராய்டுத் தாளைக் கடந்து வருவது. கண்ணாடியைக் கழற்றித் திரைமுன் பிடித்துச் சுழற்றுங்கள், ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போகும்.

ஆகவே மேசையைத்தான் திருப்ப வேண்டும். ஜன்னல் முதுகுக்கும் வேண்டாம், முகத்துக்கு நேரும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். தோழியின் மேசையைத் திருப்பியதும் கம்பிகள் திரையை விட்டுப் போயின. திருப்ப இடமில்லாதவர்கள் ஜன்னலுக்கு மூங்கில் திரை போடலாம். லேப்டாப் திரைமேல் ஒட்டும் மேட் தாள் பிரதிபலிப்பைக் கலைக்கும், ஆனால் எழுத்து சற்றே நுரைத்துத் தெரியும். நாள் முழுக்கப் படிப்பவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். மேசை விளக்கு வாங்கினால் பல்பு கண்ணுக்குத் தெரியாதபடி குடை கீழே இறங்கியிருக்க வேண்டும், வலக்கையால் எழுதுபவர்களுக்கு விளக்கு இடப்பக்கம்.

எதையும் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். மதியம் லேப்டாப்பை அணைத்துவிட்டு, வழக்கமான இடத்தில் உட்கார்ந்து கறுப்புத் திரையைப் பாருங்கள். அதில் பளிச்சென்று எது தெரிகிறதோ, ஜன்னலோ டியூப்லைட்டோ, அதுதான் உங்கள் எதிரி. அடுத்த வாரம் ஸ்டாண்டு. அதற்குள் தரையிலிருந்து மேசையின் உயரத்தை அளந்து குறித்து வையுங்கள், அந்த எண் இல்லாமல் ஸ்டாண்டைப் பற்றிப் பேச முடியாது.