பில்லா மலேசியாவுக்கு வந்தான், தோட்டத்து மக்கள் படத்தில் வரவில்லை

ஒரே கதை, 14 மாத இடைவெளியில், இரண்டு மொழிகளில் கோலாலம்பூருக்கு வந்தது. 2006 அக்டோபரில் ஷாருக் கான் நடித்த இந்திப் படமான ‘டான்’ வெளியானது. 2007 டிசம்பர் 14-ஆம் தேதி அஜித் நடித்த ‘பில்லா’ வந்தது. இரண்டுமே பழைய படங்களின் மறு ஆக்கம். இரண்டிலும் போலீஸ் தேடும் கும்பல் தலைவன் மலேசியாவில்தான் இருக்கிறான்.

கதையின் மூலம் 1978-ல் வெளிவந்த இந்தி ‘டான்’. சலீம்-ஜாவேத் எழுத, சந்திரா பாரோட் இயக்க, அமிதாப் பச்சன் இரட்டை வேடத்தில் நடித்தார். தமிழில் ஆர். கிருஷ்ணமூர்த்தி இயக்கத்தில் 1980-ல் ரஜினிகாந்த் ‘பில்லா’ ஆனார். அவருடைய திரை வாழ்க்கையில் அது ஒரு திருப்புமுனை. அதே ‘பில்லா’வை 2007-ல் இயக்குநர் விஷ்ணுவர்தன் மீண்டும் எடுத்தார்.

இத்தனை முறை எடுக்கப்பட்டும் கதை அலுக்காததற்குக் காரணம் உண்டு. கும்பல் தலைவன் இறந்து போகிறான். அது ஒரு போலீஸ் அதிகாரிக்கு மட்டுமே தெரியும். அவனைப் போலவே இருக்கும் ஓர் ஏழையை அதிகாரி கும்பலுக்குள் அனுப்புகிறார். பிறகு அந்த அதிகாரியும் கொல்லப்படுகிறார். “நான் பில்லா இல்லை” என்று அந்த ஏழை சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை. போலீசும் துரத்துகிறது, கும்பலும் துரத்துகிறது. படத்தின் விறுவிறுப்பு முழுவதும் இந்தச் சிக்கலில்தான் இருக்கிறது.

விமர்சகர்கள் சொன்னது என்ன?

2007 ‘பில்லா’ வசூலில் பெரிய வெற்றி. நீரவ் ஷாவின் ஒளிப்பதிவையும், யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசையையும், கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக அஜித் நடந்து வரும் தோரணையையும் விமர்சகர்கள் பாராட்டினார்கள். தமிழ்ப் படம் ஒன்று இவ்வளவு நேர்த்தியாக இருக்க முடியுமா என்ற வியப்பு அப்போது உண்மையிலேயே இருந்தது. குறை சொன்னவர்கள், தோற்றத்தில் இருக்கும் அழுத்தம் கதையில் இல்லை என்றார்கள். ரஜினி படத்தில் இருந்த கலகலப்பும் துடிப்பும் குறைந்துவிட்டதாகவும் சொன்னார்கள்.

ஆக, பேச்சு பெரும்பாலும் ரஜினியா அஜித்தா, பழையதா புதியதா என்ற ஒப்பீட்டிலேயே சுற்றியது. கதையை மலேசியாவுக்குக் கொண்டுவந்த பிறகு இந்த நாட்டை, இங்குள்ள தமிழரை, படம் என்ன செய்தது என்ற கேள்வி அதிகம் எழவில்லை. பேராக் மாநிலத்தில் இருந்து பார்க்கும் ரசிகருக்கு அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டியது.

படத்தில் தெரியும் மலேசியா கண்ணாடிக் கட்டடங்களும் விலையுயர்ந்த கார்களும் அகலமான சாலைகளும் கொண்டது. பத்துமலை முருகன் சிலையின் முன் ஒரு பாடல் உண்டு. அங்கே தமிழர் திரளாக ஆடுகிறார்கள். அவர்கள் யார், இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்கள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

தமிழர் இந்த மண்ணுக்கு வந்த கதையில் பேராக்குக்கு முக்கிய இடம் உண்டு. 1877-ல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று என்று சொல்லப்படும் மரம் அங்கே இன்றும் நிற்கிறது. பிறகு மாநிலமெங்கும் ரப்பர் பெருகியது. பால்வெட்டுக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். லயத்து வீடு, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி என்று அவர்களின் உலகம் தோட்டத்துக்குள்ளேயே அமைந்தது. திடலில் வெள்ளைத் திரை கட்டிக் காட்டிய தமிழ்ப் படங்களும் அந்த உலகின் ஒரு பகுதி. ரப்பர் போய்ச் செம்பனை வந்ததும், தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போனதும் அந்த உலகம் கலைந்தது. குடும்பங்கள் சுங்கை சிப்புட், ஈப்போ போன்ற நகரங்களின் ஓரங்களுக்கு வந்து சேர்ந்தன.

திரையும் தெருவும்

‘பில்லா’ வெளியான வாரத்தை மறக்க முடியாது. அதற்குச் சில நாள்களுக்கு முன், நவம்பர் 25-ஆம் தேதி, கோலாலம்பூர் சாலைகளில் ஹிண்ட்ராஃப் பேரணி நடந்தது. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் கைவிடப்பட்டார்கள் என்பதே அதன் முறையீடு. அதன் தலைவர்கள் ஐவர் டிசம்பர் 13-ஆம் தேதி உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார்கள். மறுநாள் படம் வெளியானது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அதே நகரம், அதே தமிழர்.

பொழுதுபோக்குப் படத்திடம் இதையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். சமூக வரலாற்றைப் படமெடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் இந்தக் கதையின் உயிரே ஓர் ஏழை தான் யார் என்று நிரூபிக்க முடியாமல் தவிப்பதுதான். தோட்டத்தில் பிறந்தும் பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த தமிழர்களுக்கு அந்தத் தவிப்பு அன்றாட வாழ்க்கை. ஆவணமில்லாத இந்தியர்களைப் பதிவு செய்ய 2011-ல் ‘மைடஃப்தார்’ என்ற தனி இயக்கமே நடத்த வேண்டியிருந்தது. இங்கே பிறந்த ஒருவனை அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கதையின் பயம் இன்னும் கூடியிருக்கும். படமோ அவனை இந்தியாவிலிருந்து அழைத்து வந்தது. பிள்ளைகளைப் பிரிந்து தவிக்கும் தந்தையின் கிளைக்கதை மூலத்தில் உண்டு. 2007 படத்தில் அதுவும் நீக்கப்பட்டது. நேர்த்தி கூடியது, மனிதர்கள் குறைந்தார்கள். விமர்சகர்கள் உணர்ந்த வெறுமைக்கு இதுவும் ஒரு காரணம்.

2012-ல் வந்த ‘பில்லா 2’ முன்கதை சொன்னது. அதில் பில்லா இலங்கையிலிருந்து வந்த அகதி. அவனுக்கு ஒரு வேர் கிடைத்தது, ஆனால் அது மலேசிய வேர் இல்லை.

பின்னால் வந்த பதில்கள்

மலேசியத் தமிழரின் கதை இரண்டு படங்களில் வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வெளியானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தில் வளரும் 12 வயது சிறுவன் அப்போய். அவன் பார்த்து வளரும் உறவினர்களில் ஒருவர் குண்டர் கும்பலில் இருப்பவர், இன்னொருவர் போதையில் சிக்கியவர். கும்பல் வாழ்க்கை இங்கே கோட்டும் கண்ணாடியும் அணிந்து வரவில்லை. ‘ஜகாட்’ 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் வைத்தது பெரும் சர்ச்சையான ஆண்டு அது.

2016 ஜூலையில் பா. இரஞ்சித்தின் ‘கபாலி’ வந்தது. 1980-ன் பில்லாவான ரஜினியே இதில் தோட்டத் தொழிலாளியாக இருந்து தலைவனாகும் மலேசியத் தமிழர். கும்பலில் சிக்கிய இளைஞர்களை மீட்கும் பள்ளியும் கதையில் உண்டு. ரஜினியின் வழக்கமான வேகம் இல்லை என்று தமிழகத்தில் பலர் குறைப்பட்டார்கள். மலேசியாவில் காட்டிய பிரதியின் முடிவில், கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. குற்றவாளி தப்பிவிடுவதாகப் படம் முடியக் கூடாது என்ற கவலை அதில் தெரிந்தது.

அந்தக் கவலைக்கு இங்கே காரணம் இருக்கிறது. 2013-ல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது, உறுப்பினர்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டினர் இந்தியர் என்றது. தோட்டத்தை இழந்து நகரத்தில் இடம் கிடைக்காத தலைமுறையின் பிள்ளைகள் பலர் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள்.

மலேசியாவில் எடுக்கப்படும் இந்தியப் படங்களும் மறு ஆக்கங்களும் இனியும் வரும். நாயகனின் தோரணையைப் பழைய நாயகனோடு ஒப்பிடுவது ரசிகரின் உரிமை. அதோடு இன்னொன்றையும் பார்க்கலாம்: கதை இந்த ஊருக்கு வந்ததால் அதில் ஏதாவது மாறியதா? எதுவும் மாறவில்லை என்றால், அதைக் குறையாகச் சொல்ல ஈப்போவில் இருக்கும் ரசிகருக்கும் உரிமை உண்டு.